ஈரலைக் கழுவும் பானங்கள்

விடியற்காலையில் சென்னைக் கடற்கரையிலோ, ஏதேனும் ஒரு பூங்காவின் வாயிலிலோ உலாவப் போகிறவர்கள், தள்ளுவண்டியின் மேல் வரிசையாக வைத்திருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களையும், அருகம்புல், வாழைத்தண்டு, வெண்பூசணி, நெல்லிக்காய் என்று அவற்றில் ஒட்டியிருக்கும் சீட்டுகளையும், கையில் டம்ளருடன் சுற்றி நிற்கும் கூட்டத்தையும் கண்டிருப்பார்கள். சென்ற மாதம் அப்படியொரு வண்டியின் அருகே நான் நின்றிருந்தபோது, ஏறக்குறைய என் வயதை ஒத்த ஒருவர், பச்சைச் சாற்றை ஒரே மூச்சில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வாரமாக் கண்டதையும் சாப்பிட்டாச்சு, ஈரலைக் கொஞ்சம் கழுவி விட வேண்டாமா, சார்?" என்றார். அவர் அவசரமாக நடந்து போய்விட்டபடியால் அங்கே சொல்ல முடியாமற்போன பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பயம் மிகுந்தால் 'ஈரக்குலை நடுங்கிவிட்டது' என்று சொல்வது நம் வழக்கம். உயிர் எங்கே குடியிருக்கிறது என்பதைப் பற்றி நம் பாட்டிமாருக்கு இருந்த அந்த உணர்வு வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வலப்பக்க விலா எலும்புகளின் மறைவில், சுமார் 1.5 கிலோ எடையோடு கிடக்கும் இந்த உறுப்பின் வழியே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1.5 லிட்டர் ரத்தம் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு இருதயத்திலிருந்து நேரே வருவதன்று, நாம் உண்ட ஆகாரத்தின் சாரத்தைக் குடலிலிருந்து சுமந்துகொண்டு வருவது. நாம் உண்பதும் பருகுவதும் பெரும்பாலும் ஈரலின் பார்வைக்கு முதலில் வந்து, பிறகே தேகத்தின் மற்றப் பாகங்களுக்குப் போகவேண்டும் என்ற ஏற்பாடு இது.

'கழுவுவது' என்று சொல்லும்போது நம் மனத்தில் எழும் சித்திரம் காப்பி வடிகட்டிதான். பொடியின் கசடு அடியில் தங்கிவிடுவது போல ஈரலிலும் அழுக்குத் தங்கும், வெந்நீரோ பழச்சாறோ ஊற்றினால் கரைந்து போகும் என்று நினைக்கிறோம். ஈரலின் சுபாவம் வேறு. அது ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும் ரசாயனசாலை. பருப்பும் மீனும் ஜீரணமாகும்போது உண்டாகும் அம்மோனியா மூளையைக் கெடுக்கக்கூடியது. அதை ஈரல் தீங்கற்ற யூரியாவாக்கிச் சிறுநீரகத்துக்கு அனுப்பும் முறையை, ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸும் அவருடைய மாணவர் ஹென்சலைட்டும் 1932-இல் கண்டு சொன்னார்கள்.

உண்மையான விஷநீக்கம் எப்படி நடக்கிறது என்பதற்கு, எல்லார் வீட்டிலும் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரையை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சுரத்துக்குப் போட்டுக்கொள்ளும் அந்த மாத்திரையின் ஒரு சிறு பகுதி ஈரலுக்குள் விஷமாக மாறுகிறது. மாறிய கணமே குளுட்டாதயோன் என்னும் பொருள் அதைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்கிவிடுகிறது. அளவுக்கு மீறி விழுங்கினால் குளுட்டாதயோன் இருப்புத் தீர்ந்துபோய் ஈரலின் செல்கள் மடியத் தொடங்குகின்றன. அந்த நிலையில் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாற்று மருந்தாகிய அசிட்டைல்சிஸ்டீன், தீர்ந்துபோன அந்த இருப்பை மறுபடி நிரப்ப உதவி உயிரைக் காக்கிறது. இங்கே விஷத்துக்குப் பெயர் உண்டு, அளவு உண்டு, மருந்து செய்யும் வேலையை ரத்தப் பரிசோதனையில் கண்டறியவும் முடியும். புட்டிகளில் 'டீடாக்ஸ்' என்று அச்சிட்டு விற்கிறவர்களிடம் இதே கேள்விகளைக் கேட்டால் என்ன ஆகும் என்பதை, 2009-இல் இங்கிலாந்தில் சில இளம் விஞ்ஞானிகள் பதினைந்து சரக்குகளை எடுத்துக்கொண்டு விசாரித்தே பார்த்தார்கள். எந்த விஷத்தை எவ்வாறு நீக்குகிறது என்பதற்குத் தக்க பிரமாணம் எவரிடமிருந்தும் கிடைக்கவில்லை. இத்தகைய உணவு முறைகளைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளை எல்லாம் 2015-இல் திரட்டிப் பார்த்தவர்களும், முறையான ஒப்பீட்டுப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை என்றே எழுதினார்கள்.

அப்படியானால் குடித்தவர்கள் குணம் கண்டதாகச் சொல்வது பொய்யா? அவர்கள் பொய் சொல்லவில்லை. என் பத்தாவது வயதில், கும்பகோணத்துக்கு அருகே உள்ள எங்கள் கிராமத்தில் எனக்கு மஞ்சட்காமாலை கண்டது. அத்தை விடியுமுன் எழுந்து வரப்போரம் போய், இலைக்காம்பின் அடியில் கடுகு கடுகாகக் காய்கள் தொங்கும் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, மண்போக அலசி, அம்மியில் வெண்ணெயாக அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, புளிக்காத மோரில் கரைத்து, வெறும் வயிற்றில் கொடுத்தாள். அந்தக் கசப்பு இன்றும் நாக்கில் இருக்கிறது. மூன்று வாரத்தில் கண்ணின் மஞ்சள் மறைந்தது. கீழாநெல்லிதான் என்னைப் பிழைக்க வைத்தது என்று நெடுங்காலம் நம்பினேன். தண்ணீர் வழியாகப் பரவும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணியும் என்பதும், அந்த நாட்களில் எதைக் குடித்திருந்தாலும் அந்தப் பொருளுக்கே பெருமை போய்ச் சேர்ந்திருக்கும் என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

நம் மூலிகையை யாரும் பரிசோதிக்கவில்லை என்று குறை சொல்வதற்கும் இடமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் அவருடைய குழுவினரும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்கும் சேர்ந்து, கிருமியைச் சுமந்திருந்தவர்களில் சிலருக்குக் கீழாநெல்லித் தூளையும் சிலருக்கு மருந்தில்லாத வெறும் தூளையும் முப்பது நாள் கொடுத்துப் பார்த்து, 1988-இல் லான்செட் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. மற்றக் குழுவின் 23 பேரில் ஒருவருக்கே மறைந்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது அத்தையை நினைத்து நான் பெருமிதம் அடைந்தேன். ஆனால் பிற தேசங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. எவ்வளவு ஆசையாக இருந்தாலும், இரண்டாம் முறை கிடைக்காத பலனை நிலைத்த உண்மை என்று நான் உங்களிடம் சொல்லக் கூடாது.

பயன் இல்லாவிட்டால் பாதகமும் இல்லை என்று எண்ணிவிடவும் முடியாது. சுரைக்காயை நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுவது நம் வீட்டுப் பெண்களின் பழக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவும் அதையே சொல்கிறது, ஏனெனில் கசப்புச் சுரைக்காயின் சாறு ரத்த வாந்திக்கும் சில மரணங்களுக்கும் காரணமாகியிருக்கிறது. கொரோனாக் காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்துவந்த பலருக்கு ஈரல் அழற்சி கண்டதை மும்பையிலும் வேறு ஊர்களிலும் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை ஏற்கவில்லை என்றாலும், ஏற்கெனவே ஈரல் வியாதி உள்ளவர்கள் ஜாக்கிரதையாக இருப்பதே நல்லது. பச்சைத் தேயிலையை வெந்நீரில் இட்டுக் குடிப்பதில் குற்றமில்லை. அதன் சாரத்தைச் சுண்டவைத்து மாத்திரையாக்கி விழுங்குவதே ஈரலைப் புண்படுத்தக் கூடியது. பழச்சாற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை: நான்கு ஆரஞ்சுகளை உரித்துத் தின்ன யாருக்கும் பொறுமை இராது, பிழிந்தால் ஒரு டம்ளரில் அடங்கிவிடும்; சக்கையை எறிந்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் குடிக்கிறோம், அந்தச் சர்க்கரையில் மிஞ்சியதைக் கொழுப்பாக்கும் வேலையும் ஈரலின் தலையிலேயே விழுகிறது.

என் நண்பர் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் தெரிந்தது. ஒரு வருஷம் நாள் தவறாமல் சாறு குடித்தார். அடுத்த ஸ்கேனில் மாறுதல் இல்லை. பிறகு டாக்டரின் சொல்லைக் கேட்டு, இரவுப் பரோட்டாவையும் வார இறுதி மதுவையும் விட்டு, தினம் ஒரு மணி நேரம் நடந்து, 82 கிலோவிலிருந்து 75 கிலோவுக்கு இறங்கினார். அதன் பின்னரே கொழுப்புக் குறைந்தது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஈரலின் அழற்சியும் தணிகிறது என்பது பல பரிசோதனைகளில் உறுதிப்பட்ட விஷயம். பானம் ஒன்று வேண்டுமே என்று ஏங்குகிறவர்களுக்கு, காப்பி குடிப்பவர்களிடையே ஈரல் சுருக்கம் குறைவாகக் காணப்படுகிறது என்பதைச் சொல்லலாம்; சர்க்கரை போடாத காப்பியையே சொல்கிறேன். பி வகைக் கிருமியைத் தடுக்கக் குழந்தைகளுக்கு அரசாங்கமே இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது; சி வகைக் கிருமியைப் பெரும்பாலும் பன்னிரண்டு வார மாத்திரையிலேயே ஒழிக்க முடிகிறது.

தண்ணீரைப் பற்றிய விஷயம் ஒன்று பாக்கி. 1955-ஆம் வருஷக் கடைசியில் யமுனையில் சாக்கடை நீர் கலந்து, டில்லிக் குடிநீரில் புகுந்து, சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. கிருமி இன்னதென்று அப்போது யாரும் அறியார். இ வகை ஹெபடைடிஸ் என்பது பல வருஷங்களுக்குப் பின்பே தெளிவாயிற்று. பெயர் தெரியாத அந்தக் கிருமியும் நன்றாகக் கொதித்த நீரில் பிழைத்திருக்காது. எனக்குக் காமாலை வந்த அந்தக் கோடையில், கீழாநெல்லியை அரைத்து முடித்த கையோடு, கிணற்று நீரை வெண்கலப் பானையில் தளதளவென்று காய்ச்சி, ஆறவைத்து, வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைப்பாள் அத்தை. எங்கள் வீட்டில் பதினோரு பேரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம், என்னைத் தவிர வேறு ஒருவருக்கும் கண் மஞ்சளாகவில்லை.