ஒற்றை ஆள் கச்சேரி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1994-ல் இயற்பியல் பட்டத்தோடு இந்த வளாகத்தை விட்டுப் போனவன் நான். என் வகுப்பில் வங்கி மேலாளர் உண்டு, தலைமையாசிரியர் உண்டு, கடல் கடந்து போனவர்களும் உண்டு. நான் கிதாரைத் தூக்கிக்கொண்டு பாடப் போனேன். "பாட்டெல்லாம் சரிப்பா, வேலை என்ன பண்ற?" என்று நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள். விளக்கமாகப் பதில் சொல்ல மேடையும் மைக்கும் கிடைத்திருக்கிறது, விடுவேனா?

பாட்டுதான் ஐயா வேலை. அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதல் பத்தாண்டுகள் மெல்லிசைக் குழுவில் இருந்தேன். கீபோர்டு, கிதார், டிரம்ஸ், தபலா, பாடகர்கள் என்று பதினைந்து பேர் ஒரே வேனில் போவோம். இளையராஜா அவர்களும் திரைக்கு வருமுன் தம் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர்தான். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது அதற்குப் பிறகு. அந்த நினைப்பிலேயே எங்களுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும். பிறகு தாளமும் பேஸும் ஒரே கீபோர்டுக்குள் வந்துவிட்டன. பின்னணி இசையைப் பதிவாகப் போட்டு அதன்மேல் பாடும் வழக்கம் பரவியது. கல்யாண வீட்டார் பதினைந்து பேரைக் கூப்பிட்ட இடத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். குழு கலைந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை.

2004 முதல் நான் தனி ஆள். ஒரு கிதார், ஒரு கீபோர்டு, ஒரு மைக், கையில் தூக்குகிற ஸ்பீக்கர் ஒன்று. திருச்சிதான் எனக்குத் தலைநகரம். தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் வரை போவேன். இரவே வீடு திரும்பிவிடலாம். அறுபதாம் கல்யாணம், பெயர் சூட்டு விழா, பள்ளி ஆண்டு விழா, உணவகம், புத்தகக் கடை, எங்கே கூப்பிட்டாலும் பாடுவேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆடியில் கோயில் விழாக்கள் கைகொடுக்கும். மார்கழியில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் காப்பாற்றும். விவசாயிக்குப் பட்டம் போல எங்களுக்கும் பட்டம் உண்டு.

"ரெண்டு மணி நேரம் பாடிட்டு இவ்வளவு கேக்குறீங்களே, ஒரே ஆள்தானே?" என்பார்கள். அந்த ரெண்டு மணி நேரத்துக்குச் சுமார் இருபத்தைந்து பாட்டு வேணும். கேட்டால் எடுத்துக் கொடுக்க இன்னும் ஐம்பது கைவசம் இருக்கணும். திடீரென்று மாப்பிள்ளையின் அத்தை, "நான் ஒண்ணு பாடுறேன் தம்பி" என்று எழுந்து வருவார். எனக்கு ஒரு கட்டை, அவருக்கு ஐந்து கட்டை. அவர் முதல் வரியை முடிக்குமுன் கிதாரில் சுருதியை மாற்றியாகணும். குழுவில் ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்குவார். தனி ஆளுக்குத் தாங்க யாருமில்லை. சுவர்தான்.

இயற்பியல் படித்தது வீண் போகவில்லை என்பதையும் பேராசிரியர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்கில் நுழைந்து சுற்றினால்தான் 'கீ'யென்று கத்துகிறது. ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால், சபையைப் பார்க்க வைத்தால் பெரும்பாலும் கத்தாது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஆறு டெசிபல் குறையும். அதனால்தான் சின்ன ஸ்பீக்கரைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். தூரத்தில் வைத்து அலறவிடுவதில்லை.

உணவகத்தில் பாடுவது தனிக் கலை. அங்கே கைதட்டலை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மேசையில் பேசுகிறவர்கள் குரலை உயர்த்தினால், நம் சத்தம் அதிகம் என்று அர்த்தம். அவர்கள் கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து இன்னொரு காபி சொன்னால், கச்சேரி நல்லாயிருந்தது என்று அர்த்தம். இன்னொரு நாள் புத்தகக் கடை ஒன்றில் நல்ல மழை. வந்தவர்கள் ஒன்பது பேர். கடைக்காரர், "அரை மணியில முடிச்சிக்கலாமா அண்ணே?" என்றார். முழுக் கச்சேரியும் பாடினேன். அந்த ஒன்பது பேரில் ஒருவர் தம் பேத்தியின் பெயர் சூட்டு விழாவுக்குக் கூப்பிட்டார். அங்கே கேட்டவர்கள் மேலும் ஆறு நிகழ்ச்சி கொடுத்தார்கள். சின்னக் கூட்டத்துக்கு முகம் உண்டு நண்பர்களே. பெயரும் தொலைபேசி எண்ணும் உண்டு.

ஆனால் முகத்தை மட்டும் பார்த்து வயிறு நிறையாது. ஒரு முறை மண்டபம் ஒன்றில் பாடி முடித்ததும் பேசியதில் பாதியைக் கொடுத்து, "உங்களுக்கு இது ஒரு விளம்பரம்தானே" என்றார்கள். அன்று முதல் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குகிறேன்: எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு தொகை, முன்பணம் எவ்வளவு, ஒலி அமைப்பு யாருடையது. திறந்தவெளி என்றால் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தணும். 2000-ல் வந்த ஒலி மாசு விதி அது. கல்யாண விழாவில் பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது. உணவகத்துக்கும் டிக்கெட் வைத்த நிகழ்ச்சிக்கும் இசை உரிமத்தை யார் வாங்குவது என்பதை முதலிலேயே பேசிவிடணும். கலைஞனுக்குக் கணக்கு எதற்கு என்பார்கள். கணக்கு தெரியாத கலைஞன் இரண்டு வருஷத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறான். நான் பார்த்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசிக்கு வாங்கியிருந்த முன்பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். பத்து மாதம் ஒரு மேடைகூட இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கீபோர்டு போயிற்று. கிதாரையும் கொடுத்துவிடலாமா என்று நினைத்தபோது என் மனைவி, "அதை வித்தா நாளைக்கு எதை வச்சுச் சம்பாதிப்பீங்க?" என்று ஒரே வார்த்தை கேட்டாள். அவளும் என் வேலையை வேலை என்றுதான் நினைக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. செல்போன் வழியாகப் பதினொரு பிள்ளைகளுக்குக் கிதார் சொல்லிக்கொடுத்து அந்த வருஷத்தைத் தள்ளினோம். கீபோர்டு திரும்பி வரவில்லை. இன்றைக்கும் ஒற்றைக் கிதாரோடுதான் போகிறேன்.

"சொந்தப் பாட்டு பாடலாமா சார்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். தாராளமாக. நம் ஊரில் சினிமாப் பாட்டுதான் முதலில் கேட்பார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தெரிந்த பாட்டு இரண்டு பாடி அவர்கள் காதைத் திறந்துவிட்டு, மூன்றாவதாக உங்கள் பாட்டை வையுங்கள். சினிமாவில் வராத பாட்டும் வீடு வீடாகப் போகும் என்பதை 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' காட்டியது. ஆனால் அப்படிப் போகும் என்று காத்திருந்து வாடகை கட்ட முடியாது. வாரம் இரண்டு சின்ன மேடை இருந்தால் கட்டலாம்.

நிறைவாக ஒன்று. தமிழ்த் துறையில் பத்துப்பாட்டு நடத்துகையில் சன்னலோரம் நின்று கேட்டிருக்கிறேன். பத்தில் ஐந்து ஆற்றுப்படை. பரிசு பெற்று வருகிற பாணன், எதிரே வறுமையோடு வருகிற பாணனுக்கு, "இந்த வழியாப் போ, அவர்கிட்ட கேளு" என்று சொல்லுகிற ஏற்பாடு அது. எங்கள் தொழிலில் அது இன்னும் நடக்கிறது. நான் வர முடியாத தேதிக்கு இன்னொருவர் எண்ணைக் கொடுப்பேன். அவர் வர முடியாதபோது என் எண்ணைக் கொடுப்பார். ஒற்றை ஆள் கச்சேரி என்று பெயர்தானே ஒழிய, பின்னால் இப்படிப் பல பேர் இருக்கிறார்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு உள்ளூர்ப் பாடகரைக் கூப்பிடுங்கள். தொகையை முதலிலேயே பேசி, பந்தி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். இந்நாள் மாணவர்களில் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் இருந்தால் இந்த உரை முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். அடுத்த மாதம் என்னால் போக முடியாத தேதிகள் இரண்டு இருக்கின்றன.