முதுகு வலிதானே என்று விட்டுவிடாதீர்கள்

(தலயாத்திரை வந்த தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில், காங்கேசன்துறையில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கீரிமலையில் தீர்த்தமாடிவிட்டு இங்கே கூடியிருக்கிறோம். வரும் வழியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையைப் பார்த்திருப்பீர்கள். 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை கால்நடையாக வந்தவர்கள் திரட்டிய பணத்தில் எழும்பியது அது. அதனால் இன்று அந்த நோயில் ஒரு வகையைப் பற்றிப் பேசுகிறோம்.

நம் எலும்பு மச்சைக்குள் பிளாஸ்மா கலங்கள் உண்டு. கிருமியை எதிர்க்கும் பொருளைச் செய்வதே அவற்றின் வேலை. அவை புற்றாக மாறினால் 'மயலோமா' என்பார்கள். சிலருக்கு அந்தக் கலங்கள் இரத்தத்திலும் பெருகி ஓடும். அது மிக வேகமான வகை. அரிதான நோய்தான், தொற்றாது. பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கே வரும்.

இது மாறுவேடம் போட்டு வரும். முதுகு வலித்தால் "கூடை சுமந்த வலி" என்கிறோம். களைத்தால் "இரத்தம் குறைவு" என்கிறோம். அடிக்கடி சளிக்காய்ச்சல் வந்தால் "மலைக்குளிர்" என்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஆறு வாரமாகியும் வலி குறையாமல், படுத்திருக்கும்போதும் குடைந்தால் சும்மா இருக்கக் கூடாது.

சிலருக்கு வழக்கத்தில் இல்லாத சிக்கல்களும் வரும். இரத்தம் தடித்துப்போய் கண் மங்கும், மூக்கால் இரத்தம் வடியும். எலும்பு கரைந்து இரத்தத்தில் கல்சியம் ஏறினால் தாகம், மலச்சிக்கல், புத்தித் தடுமாற்றம் வரும். முள்ளெலும்பு நொறுங்கி நரம்பை நெரித்தால் கால் மரத்து வலுவிழக்கும், சிறுநீர் கட்டிக்கொள்ளும். அப்படியானால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். லொறியோ, ஆட்டோவோ, கிடைத்ததில் ஏற்றுங்கள்.

இன்னொன்று. பாமசியில் வாங்கும் டைக்குளோபினக் போன்ற வலி மாத்திரைகள் இந்த நோயாளியின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வைத்தியரைக் கேளாமல் விழுங்காதீர்கள்.

வைத்தியரிடம், "வலி எத்தனை வாரமாக, என்னென்ன மாத்திரை போட்டோம்" என்று சொல்லுங்கள். இரத்தம், ஈ.எஸ்.ஆர்., கல்சியம், சிறுநீரகம், புரதம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். சாதாரண சிறுநீர்ச் சோதனையில் இந்தப் புரதம் தப்பிவிடலாம்.

முற்றாக மாற்றுவது கடினம். ஆனாலும் நேரத்தோடு பிடித்தால் பலர் வருடக்கணக்கில் நடமாடுகிறார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. பெரட்டுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் பெயர்தான் போகும். கால் போய்விட்டால் குடும்பமே முடங்கும். யோசித்துக்கொள்ளுங்கள்.