வாடகை வீடு: வரவும் செலவும்
(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழாவில் பழம்பெருமை பேசத்தான் எல்லாருக்கும் ஆசை. தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்போ வாடகை வீடு. இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று நம் பிள்ளைகள் பலர் கேட்கிறார்களாம்.

பினாங்கில் நமக்கு இது புதிதல்ல. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய வீடென்றால் வாடகையை நினைத்தபடி ஏற்ற முடியாது. சூலியா தெருவில் கடைவீடு வைத்திருந்தவர் பெயருக்குத்தான் முதலாளி. கூரை ஓடு மாற்றக்கூட அந்த வாடகை காணாது. குடியிருந்தவருக்கோ அது பெரிய நிழல். 1997இல் சட்டத்தை ரத்துச் செய்தார்கள். 1999 முடிவோடு அந்த நிழலும் போனது. வாடகை ஏறியது. எத்தனையோ குடும்பங்களும் சிறு வியாபாரிகளும் ஜார்ஜ்டவுனை விட்டு வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபின் அதே கடைவீடுகளைத் தேடி வெளியூர்ப் பணம் வந்தது. சுவரும் கூரையும் மாறவில்லை, சட்டம்தான் மாறியது. அதுவரை வைத்திருந்தவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். வாங்க ஆளில்லாமல் வைத்திருந்தவர்களும் உண்டு!

இன்றைய கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு, 4 லட்சம் வெள்ளிக்கு ஓர் அடுக்குமாடி வீடு; மாத வாடகை 1,500. ஆண்டுக்கு 18,000. பராமரிப்புக் கட்டணம் மாதம் 250 என்றால் 3,000 போகும். வீட்டு வரி, நிலவரி, காப்புறுதி, குழாய், சாயம் எல்லாம் சேர்த்து 2,500. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 1,500. மிச்சம் 11,000, போட்ட பணத்துக்கு 2.75 விழுக்காடு. வருமான வரி வேறு. 2024க்கு ஊழியர் சேமநிதி ஷரியா கணக்குக்கும் 6.30 விழுக்காடு கொடுத்தது, நடுராத்திரியில் குழாய் உடைந்தது என்று யாரும் அழைக்காமலே.

வங்கிப் பணத்தில் வாங்கினால்? 3,60,000 வெள்ளி, 30 ஆண்டு, 4.25 விழுக்காடு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,770. வாடகை முழுதாக வந்தாலும் கைப்பணம் போட வேண்டும். வீட்டின் விலை ஏறினால்தான் லாபம். ஏறும் என்று விற்பவர் சொல்வார், கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார். மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து லாப வரி; குடிமக்களுக்கு ஆறாம் ஆண்டிலிருந்துதான் இல்லை.

வாடகை தராதவரை நாமே வெளியேற்றவும் முடியாது. பூட்டை மாற்றினால் குற்றம் நம் பக்கம் வந்துவிடும். நீதிமன்ற ஆணை வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுங்கள், இரண்டு மாத முன்பணம் வாங்குங்கள். நம்ம ஊர்க்காரர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் வேண்டாமா? கடன் அடைந்த வீட்டின் வாடகை, வருமானமில்லாத ஒரு தாய்க்கு மாதாமாதம் கை நீட்டாத சோறு. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆறு மாதத் தவணையைத் தனியே வைத்திருப்பவர், குடியிருக்க வீடுள்ளவர், தாராளமாக வாங்கலாம். முன்பணத்தையே கடன் வாங்கிப் போடும் தம்பிமார் இப்போது வாங்க வேண்டாம்.

இன்னொன்று. பாட்டனார் பெயரிலேயே பட்டா கிடக்கும் வீடுகள் நம்மிடம் உண்டு. வாரிசு கூடக்கூடக் கையெழுத்துகளும் கூடும். மூத்தவர்கள் இருக்கும்போதே வழக்கறிஞரைப் பாருங்கள். தேநீருக்குப் பிறகு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். வஸ்ஸலாம்.