நெசவுப் பெண்டிரும் நேர்மையான விலையும்

கைத்தறி என்றவுடன் தறியின்முன் அமர்ந்த ஆடவரையே நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். 2019–20ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்போ வேறு செய்தி கூறுகிறது. பாரத நாட்டின் நெசவாளருள் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டோர் பெண்டிர். அவருள் பெரும்பகுதியினர் வடகிழக்கு மாநிலங்களில் வாழ்பவர்.

அசாமில், பிரமபுத்திரா ஆற்றின் வடகரையில், சுவால்குச்சி என்னும் நெசவூர் உண்டு. அங்கே சென்றிருந்தபோது தெருவெங்கும் தறியொலி கேட்டோம். முகா என்னும் பட்டு அந்நாட்டிற்கே உரியது. சோம், சுவாலு மரங்களின் இலையை உண்டு வளரும் புழு தருவது. சாயம் ஏற்றாமலே பொன்போல் ஒளிர்வது. இடையில் உடுத்தும் மேகலா, மேலே போர்த்தும் சாதர் என்னும் ஈருடையை இப்பட்டினால் நெய்கின்றனர்.

ஓர் இல்லத்தில் தறியில் அமர்ந்திருந்த அம்மையாரிடம், இவ்விணையை நெய்ய எத்தனை நாள் ஆகும் என்று வினவினோம். அவர் நகைத்தார். அடுப்பு மூட்டுமுன் சிறிது நேரம், பிள்ளைகள் பள்ளி சென்றபின் சிறிது நேரம், இரவில் சிறிது நேரம். நாளை யார் எண்ணினார் என்றார். நூலின் விலையை மட்டும் பிசகாமல் சொன்னார். நூலுக்குக் கணக்கு உண்டு. அவரது உழைப்பிற்குக் கணக்கு இல்லை. வீட்டுவேலையின் இடைவேளையில் செய்வது தொழிலன்று என்று உலகம் கருதுவதே இக்குறையின் வேர்.

நூலைக் கடனாகத் தரும் வணிகரே பல இடங்களில் துணியையும் வாங்குகிறார். கடன் கழித்து எஞ்சியதே கூலி. போதாக்குறைக்கு, விசைத்தறியில் நெய்த போலிகள் மலிவாக வந்து விலையைக் கெடுக்கின்றன. அவற்றை எதிர்த்துச் சுவால்குச்சி மக்கள் 2013இல் கிளர்ந்தெழுந்தனர். விசைத்தறி மேகலா சாதர் விற்பனைக்கு அசாம் அரசு 2023இல் தடை விதித்தது.

தடை போலியை விலக்கலாம், கூலியை உயர்த்திவிடாது. அதற்கு வழிகாட்டுவது நியாய வணிகம். நெய்பவரோடு கலந்து விலையை முன்னதாகவே முடிவு செய்தல், உழைத்த நேரத்தை விலையிற் சேர்த்தல், நூல் வாங்க முன்பணம் அளித்தல், ஒருமுறை வாங்கிக் கைவிடாது தொடர்ந்து வாங்குதல் ஆகியவை அதன் நெறிகள். இவ்வாறு வாங்கினால் விலை சற்று ஏறும் என்பது மெய்யே. ஆயின், மலிவான துணியின் எஞ்சிய விலையை யாரோ ஒரு பெண் தன் உறக்கத்தால் செலுத்துகிறாள் என்பதும் மெய்யே.

2006இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்யப்பட்டது என்று நமக்கு உறுதி கூறும். நெய்தவர் பெற்ற கூலியை அது கூறாது. ஆதலின், கடையில் முத்திரையைத் தேடுவதோடு நில்லாமல், நெய்தவருக்கு எவ்வளவு சேர்ந்தது என்றும் கேட்போமாக. கேட்பார் பெருகினால் கணக்கெழுதும் வழக்கமும் பிறக்கும்.