தீட்டு எங்கே இருக்கிறது?



நவம்பர் 19ஆம் நாளை உலகக் கழிப்பறை நாளாக ஐக்கிய நாடுகள் பொது அவை 2013ஆம் ஆண்டு அறிவித்தது. மறையுரையில் பேசத்தக்க பொருளா இது என்று நம்மில் சிலர் தயங்கலாம். நம் ஆண்டவர் தயங்கவில்லை. மாற்கு நற்செய்தி 7ஆம் பிரிவில், கழுவாத கைகளைப் பற்றிப் பரிசேயர் குறை சொல்கிறார்கள். உண்ணும் உணவு வயிற்றுக்குப் போகிறது, பின்பு கழிப்பிடத்துக்குப் போகிறது, அது மனிதரின் உள்ளத்தைத் தீட்டாக்குவதில்லை என்று இயேசு சீடர்களுக்கு விளக்குகிறார். பொதுக்காலம் 22ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டில் இப்பகுதியைத் திருப்பலியில் கேட்கிறோம். ஆனால் இந்த 19ஆம் வசனம் அந்த வாசகத்தில் வருவதில்லை. இன்றிரவு வீட்டில் திருவிவிலியத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள்.

தீட்டு கழிவில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது என்கிறார் ஆண்டவர். நம் நாடோ அந்தத் தீட்டை மனிதர்மேல் ஏற்றி வைத்தது. பீகாரில் பிறந்த பிந்தேஷ்வர் பதக், சிறுவனாக இருந்தபோது மலம் அள்ளும் ஒரு பெண்ணைத் தொட்டுவிட்டார். பாட்டி அவருக்குச் சாணத்தையும் கோமியத்தையும் கங்கை நீரையும் கொடுத்து விழுங்கச் செய்தாராம். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வளர்ந்தபின் அவர் அந்த மக்களின் குடியிருப்பிலேயே போய்த் தங்கினார். 1970ஆம் ஆண்டு சுலப் அமைப்பைத் தொடங்கி, இரட்டைக் குழிக் கழிப்பறையை ஊர் ஊராகக் கொண்டுசென்றார்.

அது எளிய அமைப்பு. சரிவான பீங்கான், ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும். அருகே இரண்டு குழிகள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் பயன்படும். சுவரில் விட்ட இடைவெளி வழியாக நீரும் வாயுவும் மண்ணுக்குள் போய்விடும். சில ஆண்டுகளில் ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிடுவார்கள். நிறைந்த குழி இரண்டு ஆண்டுகள் ஓய்ந்திருந்தால், உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் எடுத்துத் தென்னைக்குப் போடலாம். கிணற்றிலிருந்து தள்ளி அமைத்தால் போதும். இன்னொரு மனிதரை அதற்குள் இறக்க வேண்டியதில்லை.

அன்புக்குரியவர்களே, வசதி வேறு, நீதி வேறு. பளபளக்கும் ஓடு பதித்த கழிப்பறை நம் வீட்டில் இருக்கலாம். அதன் தொட்டி நிறைந்ததும் யாரை அழைக்கிறோம்? மனிதர் கையால் மலம் அள்ளுவதையும், பாதுகாப்பின்றித் தொட்டிக்குள் இறங்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் நச்சுவாயு தாக்கித் தொழிலாளர் இறந்த செய்தியை நாளிதழில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். கொஞ்சம் பணம் மிச்சம் என்று, இயந்திர வண்டிக்குப் பதிலாக ஓர் ஆளை இறக்கச் சம்மதிக்கும்போது, ஆண்டவர் சொன்ன அந்தப் பேராசைதான் நம் உள்ளத்திலிருந்து வெளியே வருகிறது. அதுவே தீட்டு.

2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 350 கோடி பேருக்குப் பாதுகாப்பான கழிப்பிட வசதி இல்லை. அவர்களில் ஏறக்குறைய 42 கோடிப் பேர் திறந்தவெளிக்குப் போகிறார்கள். பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் பெண்களும், வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைகளும் இந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள்.

தொழுநோயாளரைத் தொட்டு நலமாக்கியவர் நம் இயேசு. அவரைப் பின்பற்றும் நாம் இவ்வாரம் மூன்று காரியம் செய்வோம். நம் வீட்டுத் தொட்டியில் மனிதர் எவரையும் இறக்க மாட்டோம் என்று குடும்பமாக முடிவெடுப்போம். நம் பங்கில் கழிப்பறை இல்லாத குடும்பம் எது என்று அன்பியக் கூட்டத்தில் கேட்டு, ஒன்றுகூடிக் கட்டிக் கொடுப்போம். தெருவைத் தூய்மை செய்யும் சகோதர சகோதரிகளைப் பெயர் கேட்டு அழைத்து, நம் வீட்டுக் குவளையிலேயே தண்ணீர் கொடுப்போம்.

இறைவா, எங்கள் உள்ளத்தின் தீட்டை நீரே கழுவியருளும். ஆமென்.