சைக்கிளுக்கு ஏற்ற கோடைத் துணி

கோடையில் தினமும் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவரா நீங்கள்? பேண்ட் பெரும்பாலும் முதலில் நைந்துபோவது சீட்டில் உரசும் இடத்தில்தான். அதனால் வாங்கும்போது உள்பக்கம் திருப்பி, கவட்டுத் தையலைப் பாருங்கள். இரட்டைத் தையலாக இருந்தால் நீடித்து உழைக்கும்.

அடுத்தது துணி. ரேயான் தொட்டால் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் நனைந்தால் வலுவிழக்கும். பருத்தி நூலோ நனைந்தால் இன்னும் உறுதியாகும். வியர்வையில் ஊறுகிற உடைக்கு அதுதான் ஏற்றது. பேண்ட்டுக்குக் கொஞ்சம் கெட்டியான பருத்தி எடுங்கள். மேலுக்கு வெளிர் நிறத்தில் தளர்வான முழுக்கைச் சட்டை போதும். வெயில் நேரே தோலில் படாது.

வீடு திரும்பியதும் வியர்வை உப்புப் போக அலசி, நிழலில் உலர்த்துங்கள். சாயமும் நூலும் சீக்கிரம் கெடாது.