முள்ளை வேரோடு எடுப்போம்

(அறக்கட்டளைக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பட்டினப்பாக்கத்தில் நம் அறக்கட்டளைக் கட்டடத்தின் பின்னால் உள்ள மனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சீமைக் கருவேலமும் இடிபாடுமாகக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்வதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதன்பின் என்ன செய்வது என்பதில்தான் இரண்டு கருத்து. சிமெண்ட் தளம் போட்டு வண்டி நிறுத்த வாடகைக்கு விட்டால் விதவைகள் உதவித்தொகைக்கு ஆகும் என்கிறார்கள் சிலர். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். கீரை விற்று அந்த வாடகை வராது; இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனாலும் தோட்டம் போடுவதே நல்லது என்று கருதுகிறோம்.

முதல் காரணம் தண்ணீர். நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அடையாற்று முகத்துவாரம். மழைநீர் மண்ணில் இறங்கினால்தான் நிலத்தடியில் நன்னீர் நின்று உப்புநீரைத் தள்ளி நிறுத்தும். எல்லா இடத்தையும் சிமெண்டால் மூடினால் மழை தெருவில் தேங்கும். போர் தண்ணீர் உப்பாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் நம் குடும்பங்கள். மாதந்தோறும் நம்மிடம் அரிசி, பருப்பு வாங்கும் வீடுகளுக்குப் பச்சைக் காய்கறி கொடுக்க இதுவரை வழியில்லை. விளைச்சலில் முதல் பங்கு அந்த வீடுகளுக்கே. உதவித்தொகை வழக்கம்போல் மாதச் சந்தாவிலிருந்தே தொடரும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்கு ஸதகா ஆகும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் வரலாறும் நாம் கேட்டதுதான். அடிமைத்தளையிலிருந்து விடுபட அவர்கள் 300 பேரீச்சங்கன்றுகள் நட்டுத் தர வேண்டியிருந்தது. தோழர்கள் முப்பது, இருபது, பத்து என்று அவரவரால் இயன்ற கன்றுகளைக் கொடுத்தார்கள்; குழி தோண்டவும் உதவினார்கள். நபியவர்கள் தம் கையாலேயே நட்டார்கள். ஒருவரின் விடுதலைக்காக ஒரு ஜமாஅத்தே மண்ணில் இறங்கி உழைத்தது.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் பக்கத்தில் உள்ள தொல்காப்பியப் பூங்காவைப் பார்க்கலாம். இடிபாடும் குப்பையும் கொட்டி, கருவேலம் மண்டிக் கிடந்த 58 ஏக்கர் அது. குப்பையை அகற்றி, நீர் நிற்க இடம் செய்து, நம் மண்ணின் மரங்களை நட்டார்கள். 2011 ஜனவரியில் திறந்தார்கள். இன்று அங்கே பறவைகளும் நண்டுகளும் வாழ்கின்றன. நம்முடையது சில சென்ட்தான்.

இனி வேலை. கருவேலத்தை மேலே வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். கடப்பாரையால் தோண்டி வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும். நெற்று பழுத்து உதிரும் முன் எடுப்பது நல்லது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கிக் கட்டும் ஆடுகள் அந்த நெற்றைத் தின்றால் புழுக்கையோடு விதையும் பரவும். வெட்டியதை அங்கேயே கொளுத்தக் கூடாது. சுற்றிலும் குழந்தைகள் இருக்கும் வீடுகள். கெட்டியான செருப்பும் கையுறையும் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். பாம்பு தென்பட்டால் அடிக்காமல் வனத்துறைக்குச் சொல்வோம். செங்கல், கண்ணாடி, பிளாஸ்டிக்கைத் தனித்தனியாகப் பிரித்து மாநகராட்சியிடம் ஒப்படைப்போம்.

மண் உப்பு கலந்த மணல். எனவே முதலில் தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாளில் பூக்கும் பருவத்தில் மடக்கி மண்ணோடு கலக்க வேண்டும். அது உப்பைத் தாங்கும், மண்ணுக்கும் உரமாகும். பிறகு தொழு உரம் போட்டு, மழையில் நீர் தேங்காதபடி மேட்டுப்பாத்தி அமைப்போம். ஆகஸ்டுக்குள் நிலம் சுத்தமானால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முருங்கை, அகத்தி வைக்கலாம். கீரை விதைப்பை மழை ஓய்ந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறுதோறும் ஃபஜ்ருக்குப் பின் இரண்டு மணி நேரம் போதும். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். வர முடியாத பெரியவர்கள் ஒரு மண்வெட்டியோ ஒரு மூட்டை உரமோ தந்து உதவுங்கள். வாடகைதான் வேண்டும் என்று சொன்ன சகோதரர்களையும் சேர்த்தே அழைக்கிறோம். ஓராண்டு செய்து பார்த்து, கணக்கை உங்கள் முன் வைப்போம். அதன்பின் கூடி முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் உழைப்பை நிலையான தர்மமாக அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.